பின்வீட்டுப் பிள்ளையும் என் மகளின் முதல் நோன்பும்

என் மகள் பாகற்காய் கேட்டாள். "இன்னும் கொஞ்சம் போடுங்க உம்மா" என்று பீங்கானை நீட்டினாள். நான் அகப்பையும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன்.

அந்தக் காயை அவள் வாயில் வைக்க நான் பட்ட பாடு கொஞ்சமா? மெல்லிசாக வெட்டிப் பொரித்திருக்கிறேன். தேங்காய்ப்பால் விட்டுக் கசப்பெடுத்திருக்கிறேன். சீனி தூவியிருக்கிறேன். உடம்புக்கு நல்லது என்று கெஞ்சி, கடைசியில் கையையும் ஓங்கியிருக்கிறேன். ஒன்றுக்கும் மசியாத பிள்ளை இப்போது இரண்டாம் தரம் கேட்கிறாள்.

"இத எங்க திண்டு பழகின நீ?"

"அவட ஊட்ட."

அவள் வீட்டிலாம், அவ்வளவுதான் பதில். எங்கள் வீட்டில் 'அவ' என்றால் ஒரே ஆள்தான், பெயர் சொல்லத் தேவையில்லை. மிச்சப் பாகற்காயை மகளின் பீங்கானில் போட்டேன். சந்தோசப்பட வேண்டிய இடம். எனக்கு வயிறு எரிந்தது.

'அவ' எங்கள் பின்வீட்டுப் பிள்ளை. சம்மாந்துறைக் குடும்பம். தாய் தாதி. அவருக்கு இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு மாற்றம் வந்ததால் சாய்ந்தமருதில் எங்கள் வளவுக்குப் பின்னால் இருக்கும் வீட்டை வாடகைக்கு எடுத்து வந்தார்கள். தகப்பனுக்கு ஊரில் வயல். விடியப் போய்ப் பொழுதுபட வருவார். இந்தப் பிள்ளையும் பள்ளிக்கூடம் போகாத வயதில் ஒரு தம்பியும். என் மகளோடு ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்தாள், முதல் நாளே பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து என் மகள் என்னிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாறிப் போனாள்.

முதலில் வகிடு மாறியது. பிறந்த நாளிலிருந்து நான் நடுவில் எடுத்த வகிட்டை அவள் கண்ணாடிக்கு முன்னால் நின்று பக்கத்துக்குத் தள்ளினாள். பிறகு சிரிப்பு. வாய் நிறையச் சிரிப்பவள், கையால் வாயைப் பொத்திக்கொண்டு தோளைக் குலுக்கத் தொடங்கினாள். பிறகு கதை. அந்தப் பிள்ளை ஒவ்வொரு பேச்சின் கடைசியையும் இழுத்து விடுவாள், என் மகளும் இழுத்தாள். அவளுடைய எழுத்துக்கூட இடப்பக்கம் சாய ஆரம்பித்தது. கெட்ட பழக்கம் ஒன்றாவது வந்திருந்தால் நான் அந்தக் கூட்டாளித்தனத்தை ஒரே நாளில் வெட்டி விட்டிருப்பேன். வரவில்லை. எழும்பியதும் படுக்கையை மடிக்கிறாள், குடித்த கோப்பையைக் கழுவி வைக்கிறாள், கணக்கு வராவிட்டால் அழாமல் திரும்பச் செய்து பார்க்கிறாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை, அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

நான் ஆசிரியை. சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறேன். பெற்றார் கூட்டங்களில் எத்தனையோ தாய்மாருக்கு முன்னால் நின்று பேசியிருக்கிறேன். 'பிள்ளைகளைக் கூட்டாளிமாரோடு பழக விடுங்கள். நாம் ஆயிரம் தரம் சொல்லிக் கேட்காததை ஒத்த வயதுப் பிள்ளை ஒரு தரம் செய்து காட்டினால் கேட்பார்கள். நாம் வீட்டில் வளர்க்கிறோம், அவர்கள் ஒருவரை ஒருவர் வெளியில் வளர்க்கிறார்கள்' என்று இந்த வாயாலேயே சொல்லியிருக்கிறேன். தாய்மார் தலையாட்டுவார்கள். அவர்களில் யாருக்காவது அப்போது நெஞ்சுக்குள் முள் குத்தியதா என்று நான் கேட்டதில்லை. ஊரான் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவது லேசு.

என் மகளின் வாப்பா கல்முனைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். ஆணியையும் பூட்டையும் தவிர ஒன்றும் தெரியாத மனுசன் என்று நான் நினைத்துக்கொண்டிருப்பேன், என்னை மட்டும் ஒரு பார்வையில் பிடித்துவிடுவார்.

"அந்தச் சின்னப் புள்ளயோட உனக்கென்ன சக்களத்திச் சண்ட?" என்றார் ஒருநாள்.

"எனக்கென்ன சண்ட? நான் ஒண்டும் சொல்லல்லயே."

"சொல்லாமத்தானே முகத்த இப்பிடி வெச்சிருக்காய்."

அவருக்கு இது விளங்காது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பிறந்தால் தாய்க்கு மகள் மட்டும் பிறப்பதில்லை, கடைசிக்காலத்துக்கு ஒரு துணையும் பிறக்கிறது. மகனைக் கட்டிக் கொடுத்தால் அவன் பெண் வீட்டுக்குப் போய்விடுவான். மகள் போகமாட்டாள். அவளுக்கு நாங்கள் வீடு கட்டிக் கொடுப்போம், மாப்பிள்ளை அங்கே வருவான், தாயும் அதே வளவில் ஒரு பக்கமாக ஒதுங்கி இருந்துகொள்வாள். என் உம்மா அப்படித்தான் கண்ணை மூடும் வரை என்னோடு இருந்து மௌத்தானார். இவள் தொட்டிலில் கிடக்கும்போதே நாங்கள் கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்கிவிட்டோம். மேல்மாடி கொஞ்சம் கொஞ்சமாக எழும்பிக்கொண்டிருக்கிறது. அந்தச் சுவர் ஒவ்வொரு வரியாக உயரும்போது, கிழவியான பிறகு நான் கீழே உட்கார்ந்து அவளோடு கதைத்துக்கொண்டிருப்பதை மனசுக்குள் பார்ப்பேன்.

மேசன் வந்து, "டீச்சர், யன்னல் எந்தப் பக்கம் வெக்கிற?" என்று கேட்டார். எங்கள் முற்றத்தைப் பார்க்க வைக்கச் சொல்லலாம் என்று நான் வாயெடுத்தேன்.

"பின்பக்கம் வெய்யுங்க. அப்பத்தான் அவட ஊடு தெரியும்" என்றாள் என் மகள்.

"மனெ, அவங்க வாடகைக்கு இரிக்கிறாங்க. நாளைக்கு மாத்தம் வந்தாப் போயிருவாங்க" என்றேன்.

"போனா என்ன, இவடத்த அவக்கு ஒரு ரூம் இரிக்கும்தானே."

மேசன் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அடுத்த வாரம் அந்தப் பிள்ளையின் தாயை வேலிப் பக்கம் கண்டபோது, "எப்பிடித் தங்கச்சி, ஊர்ப் பக்கம் திரும்ப மாத்தம் கிடைக்குமா?" என்று மிகவும் அக்கறையாக விசாரித்தேன். "இல்ல டீச்சர், இப்போதைக்கு இல்ல போல. மகளும் இஞ்ச நல்லாப் புடிச்சிட்டா" என்றார் அவர். யன்னல் பின்பக்கம்தான் வைத்தோம்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. நோன்பு வந்தது.

என் மகளின் நோன்புக் கதை எங்கள் குடும்பத்தில் ஒரு பகிடி. அவளைவிடச் சின்னப் பிள்ளைகள் எல்லாம் முழு நோன்பு பிடிக்க, இவள் மட்டும் ஒவ்வொரு வருசமும் அரை நோன்போடு நிற்பாள். விடியச் சஹருக்கு எழும்பிச் சாப்பிடுவாள், நோன்புக்கு நிய்யத் வைப்பாள், நடுப்பகலில் லுஹருக்குப் பாங்கு சொல்லும் நேரம் சுருண்டு படுப்பாள். "உம்மா, தல சுத்துது" என்பாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் என் கால் தானாகக் குசினிக்குப் போகும். பால்மா கரைத்துக் கொண்டுவந்து கட்டிலில் வைத்துப் பருக்கிவிடுவேன். "நீதான் புள்ளயக் கெடுக்கிற" என்பார் அவர். இருக்கட்டும். அவள் என் மடியில் தலையை வைத்து அந்தப் பாலைக் குடிப்பது எனக்குப் பிடிக்கும். அவள் ஒருநாள் முழு நோன்பு பிடிப்பாள், அதை நான்தான் பிடிக்க வைப்பேன், பொழுதுபட மஃரிபுக்கு அவள் கையில் நோன்பு திறக்கும் முதல் ஈத்தம்பழத்தை நான்தான் வைப்பேன் என்று எனக்கொரு நினைப்பு இருந்தது. எனக்கு என் உம்மா அப்படித்தான் வைத்தார். அந்தப் பழத்தின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

இந்த முறை பள்ளிக்கூட விடுமுறையும் நோன்பும் ஒன்றாக வர, இரண்டு பேரும் காலையிலிருந்து ஒன்றாகவே கிடந்தார்கள். முதல் சில நாட்கள் வழமைபோல அரை நோன்புதான். பிறகு ஒரு நாள் லுஹருக்குப் பாங்கு சொன்னது. நான் பழக்கதோசத்தில் பாலைக் கரைத்துக்கொண்டு அறைக்குப் போனேன். கட்டிலில் ஆளில்லை. பின்விறாந்தையில் இரண்டும் சீமெந்துத் தரையில் உட்கார்ந்து கொக்கான் வெட்டிக்கொண்டிருந்தன.

"தல சுத்தல்லயா மகள்?"

"சுத்துது" என்றாள், கல்லை மேலே எறிந்தபடி.

"அப்ப இதக் குடி."

கல்லைப் பிடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "அவக்கும் சுத்துதாம் உம்மா. அவ குடிக்கல்லயே."

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு. "மணிக்கூட்டப் பாக்காட்டி ஒண்டும் செய்யாது மாமி" என்றாள். நான் வேலை மெனக்கெட்டு அந்த விறாந்தையிலேயே மணிக்கூடு மாட்டியிருந்தேன். அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடியிருந்தார்கள். பாலைக் கொண்டுபோய்க் குசினித் தொட்டியில் ஊற்றினேன். பூனைக்குக்கூட வைக்கவில்லை, அவ்வளவு கோபம்.

ஆனாலும் பின்நேரம் அஸருக்குள் என் கோபம் ஆறிவிட்டது. பிள்ளை தாங்கிவிட்டாள், முகம் வாடினாலும் கண் தெளிவாக இருந்தது. யார் பிடிக்க வைத்தால் என்ன, திறக்க வைப்பது நான்தானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். என் கூடப்பிறந்த ராத்தாவுக்குப் போனில் கோல் எடுத்து, "மகள் இண்டைக்கு முழு நோன்பு" என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்! எப்பிடியோ புடிக்க வெச்சிட்டாய், கெட்டிக்காரி" என்றார் ராத்தா. "ஓம்" என்றேன். நோன்பு வாயோடு பொய் சொன்னேன்.

பிறகு குசினிக்குள் இறங்கினேன். பள்ளிவாசல் கஞ்சி எப்படியும் வரும், ஆனாலும் நானே இறைச்சி போட்டுக் கஞ்சி காய்ச்சினேன். சமோசா, கட்லட், சர்பத், அவளுக்கு உயிரான வட்டிலப்பம். மேசைக்கு நல்ல விரிப்பை எடுத்துப் போட்டேன். ஈத்தம்பழத்தில் நல்லதாகத் தெரிந்தெடுத்து, கொட்டையை எடுத்து, தனியாக ஒரு சின்னப் பீங்கானில் வைத்தேன்.

அந்த நேரம் என் மகள் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"உம்மா, நான் அவட ஊட்ட நோன்பு திறக்கட்டா?"

நான் திரும்பிப் பார்க்காமலே "இல்ல" என்றேன்.

"அவட உம்மா டியூட்டி. வாப்பா வயல் வெட்டுக்குப் போனவரு, இன்னும் வரல்ல. அவவும் தம்பியும் மட்டும்தான்."

"அப்ப ரெண்டு பேரையும் இஞ்ச கூட்டிட்டு வா. எல்லாரும் ஒண்டாத் திறப்பம்." நல்ல யோசனைதான். என் மேசை, என் பழம், என் கை. அந்தப் பிள்ளைக்கும் சேர்த்தே வைத்துவிடலாம், எனக்கென்ன பஞ்சமா?

"அவ வரமாட்டா உம்மா. வாப்பா பாங்கு சொல்ற நேரம் பாத்து வந்து சேந்தாலும் சேருவாராம். ஊடு பூட்டிக் கிடந்தா அவரு தனியத் திறக்கணும். ஆரும் தனிய நோன்பு திறக்கப்படாதாம். அவ சொல்ற."

'அவ சொல்ற.' நான் சொன்னால் தலை சுற்றுகிறது, அவள் சொன்னால் நிமிர்ந்து நிற்கிறது. "உன்ட முதல் நோன்பு. நான் அஸரிலருந்து நிண்டு செஞ்சிருக்கன்" என்றேன். குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது. அழுதிருந்தால் அவள் இருந்திருப்பாள் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளையிடம் தோற்காமல் இருக்க அழுவதா? வாப்பாவிடம் கேள் என்று தள்ளிவிட்டேன். அவர் கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். "நல்ல காரியம்தானே, போய்ட்டு வா மகள்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவள் போனாள். நோன்பு பிடித்த களைப்பு காலில் தெரிந்தது, ஆனாலும் ஓடித்தான் போனாள்.

நான் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தேன். எழும்பினேன். கஞ்சியை மூடினேன், திறந்தேன். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு துஆவுக்கு ஆயத்தமாக எதிரில் உட்கார்ந்திருந்தார். பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். அந்தச் சின்னப் பீங்கானில் இருந்த பழம் என் கண்ணை உறுத்தியது. அங்கே இந்நேரம் அந்தப் பிள்ளை தன் கையால் ஒரு பழத்தை எடுத்து என் மகளின் கையில் வைக்கப்போகிறாள். பத்து மாதம் சுமந்தது நான், பழம் கொடுப்பது அவளா?

"வட்டிலப்பம் குடுத்தனுப்ப மறந்துட்டன்" என்று எழும்பினேன்.

"இப்பயா? பாங்கு சொல்லப் போகுதே."

"இந்தா வந்துட்டன்."

வட்டிலப்பத்தை ஒரு பீங்கானில் வைத்தேன். சின்னதாகத் தெரிந்தது. பெரிய பீங்கானுக்கு மாற்றினேன். ஓரத்தில் அந்த ஈத்தம்பழத்தையும் வைத்துத் தட்டால் மூடினேன். இந்த மாற்றலில்தான் நேரம் போனது.

பின்வீட்டு வாசலுக்குத் தெருவால் சுற்றித்தான் போகவேண்டும். அந்த நேரத்தில் எங்கள் தெருவில் ஈ காக்காய் இராது. எல்லாக் கதவுக்குப் பின்னாலும் ஆட்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு கையாலும் பீங்கானைப் பிடித்துக்கொண்டு, முந்தானை நழுவ நழுவ நான் ஒருத்திதான் நடந்துகொண்டிருந்தேன். இன்னும் சந்தியால் திரும்பவில்லை, அதற்குள் பாங்கு சொல்லிவிட்டது. முதலில் கடற்கரைப் பள்ளி, அதைத் தொடர்ந்து ஊரெல்லாம். நான் ஓடினேன் என்றே சொல்லலாம்.

கதவு திறந்தே கிடந்தது. பாயை விரித்து மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தகப்பன் வரவில்லை. அவருக்கென்று ஒரு கோப்பையில் கஞ்சி ஊற்றி மூடி வைத்திருந்தார்கள். என் மகள் வாயில் பழம் இருந்தது. முடிந்துவிட்டது. யார் கொடுத்தது என்று நான் பார்க்கவில்லை, இப்போதும் தெரியாது.

என் மகள் அந்தத் தம்பிக்காரனுக்குக் கஞ்சியை ஊதி ஊதி ஆற்றிக்கொண்டிருந்தாள். கூட்டாளியைப் பார்த்து, "தண்ணிய ஒரேயடியாக் குடிக்காத. மடக்கு மடக்காக் குடி, வகுறு நோகும்" என்றாள்.

அது என் பேச்சு. சொல் மாறாமல், அந்த அதட்டலும் மாறாமல். அந்தப் பிள்ளையும் சொன்னபடி மடக்கு மடக்காகக் குடித்தாள். ஆக அவளும் என் வீட்டிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள். இன்னொரு தாயாக இருந்தால் அந்த இடத்தில் மனம் குளிர்ந்திருப்பாள். எனக்குக் குளிரவில்லை. என் மகள் எனக்கு ஒரு நாளும் கஞ்சி ஆற்றித் தந்ததில்லை. அதுதான் மனசில் ஓடியது.

அந்தப் பிள்ளைதான் என்னை முதலில் கண்டாள். "மாமி!" என்று எழும்பி வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த பீங்கானைப் பார்த்தாள். "நீங்க இன்னும் நோன்பு திறக்கல்லயா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் பீங்கானை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, தங்கள் தட்டிலிருந்து ஒரு ஈத்தம்பழத்தை எடுத்து என் கையில் வைத்தாள். சாதாரணக் கடைப் பழம், கொஞ்சம் காய்ந்தது. நான் பிஸ்மி சொல்லி வாயில் போட்டேன். வேறு என்ன செய்ய? நோன்பாளிக்குத் திறக்கக் கொடுத்தவருக்கும் அந்த நோன்பின் நன்மை கிடைக்கும் என்பார்கள். என் மகளின் முதல் நோன்பில் நன்மை எடுக்க ஓடி வந்தவள், என் நோன்பின் நன்மையையும் அந்தப் பிள்ளைக்கே கொடுத்துவிட்டு நின்றேன்.

அப்போதுதான் என் மகள் திரும்பினாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். கஞ்சிக் கரண்டியைக் கீழே வைத்தாள். என்னையும் எனக்குப் பின்னால் வெறும் வாசலையும் பார்த்தாள்.

"உம்மா, அப்ப வாப்பா தனியவா நோன்பு திறக்காரு?"

விரிப்புப் போட்ட மேசையும், இத்தனை பீங்கானுக்கும் நடுவில் தொப்பியோடு ஒற்றையாக உட்கார்ந்திருக்கும் மனுசனும் அப்போதுதான் என் கண்ணுக்குத் தெரிந்தார்கள்.

அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கேட்டது சரிதானா என்று தன் கூட்டாளியைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை மெல்லத் தலையாட்டினாள்.